தராசு, தொடுதிரை, நான்கு மொழிகள்: கியூட் செயலியில் வரும் சிக்கல்களை எங்கிருந்து அணுகுவது?

பலதுறைத் தொழிற்கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, சிங்கப்பூரின் தேக்காவில் உள்ள ஒரு காய்கறிக் கடைக்காகத் தொடுதிரைச் செயலி எழுதிவரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. வாடிக்கையாளர் காயைத் தராசில் வைத்ததும் எடையும் விலையும் திரையில் தோன்ற வேண்டும், விலைச்சீட்டு அச்சாக வேண்டும், திரை நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இயங்க வேண்டும். சி++ மொழியில், பல இயங்குதளங்களில் ஓடும் செயலிகளை எழுதுவதற்கான கியூட் 6 என்ற கட்டமைப்பைக் கொண்டு எழுதியிருக்கிறார். தராசை இணைத்தவுடன் திரை உறைந்துபோகிறது. மூடும்போது செயலி சில சமயம் முறிந்து விழுகிறது. தமிழ்ப் பெயர்கள் பாதியில் வெட்டுப்படுகின்றன. தம் விண்டோஸ் மடிக்கணினியில் திறக்கும் செயலி, கடையில் இருக்கும் லினக்ஸ் சாதனத்தில் திறக்கவே மறுக்கிறது. எல்லாத் தளங்களுக்கும் பொதுவானது என்று சொல்லப்படும் கட்டமைப்பில் ஏன் இத்தனை வேறுபாடு என்பது அவர் கேள்வி.

அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கியூட் பொதுவாக்கித் தருவது சாளரம், கோப்பு, வலைத் தொடர்பு, எழுத்து, தராசு இணையும் சீரியல் போர்ட் போன்றவற்றை அணுகும் வழியை. ஆனால் அந்த வழியில் நடப்பதற்கு அது சில விதிகளை வைத்திருக்கிறது. அவற்றை மீறினால் என்ன ஆகும் என்பதைப் பொதுவாக்க அதனால் முடியாது. ஒரே தவறு விண்டோஸில் சத்தமில்லாமல் கடந்துபோகலாம், லினக்ஸில் முதல் நொடியிலேயே செயலியை வீழ்த்தலாம், மேக்கில் பத்து முறைக்கு ஒரு முறை மட்டும் தலைகாட்டலாம். ஆகவே ஒரு கணினியில் ஓடியது என்பது நிரல் சரி என்பதற்குச் சான்று ஆகாது. நீங்கள் சொன்ன நான்கு கோளாறுகளில் இரண்டு எல்லாத் தளங்களிலும் தவறானவை. மூன்றாவது தமிழ் எழுத்தின் அமைப்பை அறியாததால் வருவது. கடைசி ஒன்றுதான் உண்மையில் தளத்தைச் சார்ந்தது.

திரை உறைவதில் தொடங்குவோம். நீங்கள் அனுப்பிய பகுதியில், ஒரு பொத்தானை அழுத்தியதும் ஓடும் செயற்கூறுக்குள் முடிவில்லாத வொயில் வளையம் ஒன்று இருக்கிறது. அதற்குள் 'வெயிட்ஃபார்ரெடிரீட்' என்னும் செயற்கூறை அழைத்து, தராசிலிருந்து தரவு வரும்வரை காத்திருக்கிறீர்கள். ஒரு கியூட் செயலியின் மெயின் செயற்கூறு கடைசியில் 'எக்ஸெக்' என்பதை அழைக்கிறது அல்லவா? அந்த இடத்தில்தான் நிகழ்வுச் சுழல் தொடங்குகிறது. விரல் திரையைத் தொட்டது, நேரம் கடந்தது, சாளரத்தை மறுபடி வரைய வேண்டும், போர்ட்டில் பைட்டுகள் வந்திருக்கின்றன என்ற செய்திகள் எல்லாம் வரிசையில் நிற்க, சுழல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து உரிய ஆப்ஜெக்டிடம் ஒப்படைக்கிறது. உங்கள் செயற்கூறும் அப்படி ஒப்படைக்கப்பட்ட ஒரு செய்திக்கான பதில்தான். அது முடிந்து திரும்பினால்தான் அடுத்த செய்தி எடுக்கப்படும். நீங்கள் திரும்பவே இல்லை. எனவே திரையை மறுபடி வரையச் சொன்ன செய்தி வரிசையிலேயே கிடக்கிறது. விண்டோஸ் சிறிது நேரம் பொறுத்துவிட்டுச் சாளரத்தின் தலைப்பில் 'பதிலளிக்கவில்லை' என்ற பொருள்படும் குறிப்பை எழுதுகிறது. முழுத்திரையாக ஓடும் கடைச் சாதனத்தில் தலைப்புப்பட்டியே இல்லாததால் அந்தக் குறிப்பும் வராது, படம் அப்படியே நின்றுவிடும்.

இதற்கு இணையத்தில் பலரும் சொல்லும் மருந்து, வளையத்துக்குள் 'பிராசஸ்ஈவென்ட்ஸ்' என்பதை அவ்வப்போது அழைப்பது. அதைச் செய்யாதீர்கள் என்று வலியுறுத்தியே சொல்கிறேன். அது திரையை அசையவைக்கும், உண்மைதான். ஆனால் உங்கள் செயற்கூறு பாதி வழியில் நிற்கும்போதே வாடிக்கையாளர் அதே பொத்தானை மீண்டும் அழுத்த வழிவிடும். அப்போது அதே செயற்கூறு தனக்குள்ளேயே இரண்டாம் முறை நுழையும். முதல் அழைப்பு பயன்படுத்திக்கொண்டிருந்த ஆப்ஜெக்டை இரண்டாம் அழைப்பு அழித்துவிட்டால், முறிவு வேறு எங்கோ தொடர்பற்ற இடத்தில் தெரியும். நோயை மறைத்து வேறு உறுப்புக்கு அனுப்பும் மருந்து அது.

சரியான வழி, காத்திருப்பதை விட்டுவிடுவது. போர்ட்டைத் திறந்து, அதன் 'ரெடிரீட்' சிக்னலை, அதாவது அறிவிப்பை, உங்கள் ஸ்லாட் ஒன்றுடன், அதாவது அறிவிப்பு வந்ததும் ஓடும் செயற்கூறுடன், இணைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். பைட்டுகள் வரும்போது சுழலே உங்களை அழைக்கும். சிக்னலும் ஸ்லாட்டும், நார்வேயில் உருவாகி 1995-இல் வெளிவந்த முதல் கியூட்டிலேயே இருந்த ஏற்பாடு. கியூட்டை உருவாக்கிய டிரோல்டெக் நிறுவனத்தை நோக்கியா 2008-இல் வாங்கி, பின் 2012-இல் டிஜியாவிடம் கைமாறி, 2020-இல் கியூட் 6 வந்த பிறகும் நூலகத்தின் முதுகெலும்பு அதுவே.

இங்கே தொடக்க நிலையில் இருப்பவர்கள் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'ரெடிரீட்' என்றால் முழுச் செய்தி வந்துவிட்டது என்று பொருள் இல்லை. ஏதோ சில பைட்டுகள் வந்திருக்கின்றன என்று மட்டுமே பொருள். தராசு ஒரு வரியில் நிலை, எடை, அலகு ஆகியவற்றை எழுதி வரிமுடிவுக் குறியோடு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். 1.250 கிலோ என்ற எடை ஒரு முறை '1.2' என்றும் மறுமுறை '50' என்றும் இரு துண்டுகளாக வரலாம். இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டு ஒரே தடவையில் வரவும் கூடும். துண்டின் அளவு இயங்குதளத்தின் டிரைவரைப் பொறுத்தது. உங்கள் மடிக்கணினியில் எப்போதும் முழு வரியாக வந்துகொண்டிருந்தது லினக்ஸில் உடைந்து வந்தால், உங்கள் நிரல் 1.2 கிலோவுக்கு விலை போட்டுவிடும். பணம் கைமாறும் இடத்தில் இந்தப் பிழை செயலி முறிவதைவிட மோசமானது. முறிந்தால் கடைக்காரருக்கு உடனே தெரியும், இது தெரியாது. எனவே 'கேன்ரீட்லைன்' உண்மை என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை மட்டும் வளையத்தில் வரிவரியாகப் படியுங்கள். மீதிப் பைட்டுகள் போர்ட்டின் இடையகத்தில் தாமே காத்திருக்கும். தராசின் கையேட்டில் வரிமுடிவுக் குறி இல்லையென்றால், தொடக்கக் குறியும் நீளமும் என்ன என்று பார்த்து, நீங்களே ஒரு பைட்டேரேயில் சேர்த்து வைத்துப் பிரித்தெடுங்கள். கூடவே, எடை நிலைபெற்றதா என்று தராசு அனுப்பும் குறியையும் பாருங்கள். காய் இன்னும் அசைந்துகொண்டிருக்கும்போது வரும் எண்ணை விலைக்குப் பயன்படுத்தக் கூடாது.

இதே பண்பு டிசிபி சாக்கெட்டுக்கும் பொருந்தும். வலையிலிருந்து விலைப்பட்டியலை எடுப்பதற்கு 'கெட்' அழைத்த அடுத்த வரியிலேயே பதிலைப் படிக்க முயல்வதும் இந்தக் குடும்பத்துப் பிழைதான். பதில் அப்போது புறப்படக்கூட இல்லை; 'ஃபினிஷ்ட்' சிக்னல் வந்த பிறகே படிக்க வேண்டும்.

அப்படியானால் தராசுக்குத் தனி இழை, அதாவது திரெட், வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். நொடிக்குச் சில வரிகள் அனுப்பும் ஒரு சாதனத்துக்கு நிகழ்வுச் சுழலே தாராளமாகப் போதும். இழை என்பது உண்மையில் நேரம் எடுக்கும் வேலைக்கு மட்டும்: பெரிய தரவுத்தள வினவல், விலைச்சீட்டைப் படமாக வரைவது போன்றவை. அதைப் பயன்படுத்த வேண்டி வந்தால் ஓர் உண்மையை மனத்தில் நிறுத்துங்கள். கியூஆப்ஜெக்ட் என்னும் அடிப்படைக் கிளாஸிலிருந்து வரும் ஒவ்வொரு ஆப்ஜெக்டும் ஒரு குறிப்பிட்ட இழையைச் சேர்ந்தது. வேறுவிதமாகச் சொல்லாதவரை அது உருவாக்கப்பட்ட இழையே அதன் இருப்பிடம். கியூத்ரெட் என்ற கிளாஸிலிருந்து ஒன்றைத் தருவித்து அதில் ஸ்லாட்டுகள் எழுதினால், அந்த ஸ்லாட்டுகள் புதிய இழையில் ஓடும் என்று பலர் நம்புகிறார்கள். கியூத்ரெட் ஆப்ஜெக்ட் என்பது இழையை நடத்தும் கைப்பிடி. அது வாழ்வது தன்னை உருவாக்கிய பழைய இழையில். அதன் 'ரன்' செயற்கூறின் உட்பகுதி மட்டுமே புதிய இழையில் ஓடும். ஆகவே வேலையைச் செய்யும் ஆப்ஜெக்டைத் தனியாக எழுதி, அதற்குப் பேரன்ட், அதாவது அதை உரிமையாகக் கொண்டு அழிக்கும் ஆப்ஜெக்ட், எதுவும் கொடுக்காமல், 'மூவ்டூத்ரெட்' மூலம் புதிய இழைக்கு மாற்றி, சிக்னல்கள் வழியாக மட்டும் அதனுடன் பேசுங்கள்.

சிக்னல் அனுப்பப்படும் அந்தக் கணத்தில் எந்த இழை ஓடுகிறது, பெறும் ஆப்ஜெக்ட் எந்த இழையில் வாழ்கிறது என்பதைக் கியூட் ஒப்பிடுகிறது. இரண்டும் ஒன்றென்றால் ஸ்லாட் உடனே நேரடியாக அழைக்கப்படுகிறது. வேறென்றால் பெறுபவரின் நிகழ்வு வரிசையில் செய்தியாக இடப்படுகிறது. இந்த ஒரு விதியைப் புரிந்துகொண்டால், 'என் ஸ்லாட் ஏன் அழைக்கப்படவே இல்லை' என்ற கேள்விகளில் பெரும்பகுதி தீரும்: பெறுபவரின் இழையில் சுழல் ஓடாமல் இருக்கும், அல்லது அங்கேயும் யாரோ ஒரு முடிவில்லா வளையம் வைத்திருப்பார்கள். திரையில் தெரியும் எதையும் முதன்மை இழைக்கு வெளியே தொடவே கூடாது. தரவுத்தள இணைப்பையும் அதை உருவாக்கிய இழையிலேயே பயன்படுத்த வேண்டும். கியூஇமேஜ் மீது வரைவதை மட்டும் வேறு இழையில் தயங்காமல் செய்யலாம்.

இனி, மூடும்போது வரும் முறிவு. இதற்கான காரணம் ஏறக்குறைய எப்போதும் உரிமை பற்றிய குழப்பம்தான்: எந்த ஆப்ஜெக்டை யார் அழிக்க வேண்டும் என்பது. கியூட்டில் பேரன்ட் தன் குழந்தைகளைத் தானே அழிக்கும். குழந்தையை ஸ்டேக்கில் முதலிலும் பேரன்டை அதன் பிறகும் அறிவித்தால், சி++ விதிப்படி பின்னால் பிறந்தது முன்னால் அழியும்; அதாவது பேரன்ட் முதலில் அழிந்து, போகிற போக்கில் ஸ்டேக்கில் இருக்கும் குழந்தையையும் டெலீட் செய்ய முயலும். அங்கே முறிவு நிச்சயம். உங்கள் நிரலில் அது இல்லை. வேறு இரண்டு இருக்கின்றன. ஒன்று, சாளரம் மூடும்போது, விலைச்சீட்டை அச்சிட நீங்கள் வைத்திருக்கும் இழை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்த 'குவிட்' அழைத்து, பிறகு 'வெயிட்' அழைத்து, அது முடிந்த பின்னரே ஆப்ஜெக்டை அழியவிட வேண்டும். இழை ஓடும்போதே கியூத்ரெட் அழிக்கப்பட்டது என்று கன்சோலில் ஒரு வரி வந்திருக்குமே, அதை நீங்கள் குறிப்பிடவில்லை, பார்க்கத் தவறியிருக்கலாம்.

மற்றது நுட்பமானது. ஒரு சிக்னலை லாம்ப்டாவுடன், அதாவது அங்கேயே எழுதப்படும் பெயரில்லாச் செயற்கூறுடன், இணைக்கும்போது, அனுப்புபவர், சிக்னல், லாம்ப்டா என்று மூன்றை மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். லாம்ப்டாவுக்குள் 'திஸ்', அதாவது உங்கள் சாளரத்தின் முகவரி, பிடிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் சாளரம் அழிந்துவிட்டது என்பது இந்த இணைப்புக்குத் தெரியாது. அனுப்புபவர் உயிரோடு இருக்கும்வரை லாம்ப்டா அழைக்கப்பட்டுக்கொண்டே இருக்கும், அழிந்துபோன நினைவகத்தைத் தொடும். சிக்னலுக்கும் லாம்ப்டாவுக்கும் நடுவே சூழல் ஆப்ஜெக்டாக 'திஸ்' கொடுத்தால், சாளரம் அழியும்போது இணைப்பும் தானாக அறுந்துவிடும். லாம்ப்டா ஓடும் இழையும் அந்த ஆப்ஜெக்டின் இழையாகவே இருக்கும். மூன்று கொடுக்கும் வடிவத்தை எங்கள் குழுவில் யாரும் எழுதுவதில்லை. கிளேசி என்ற பகுப்பாய்வுக் கருவி அப்படி எழுதினால் எச்சரிக்கவும் செய்யும். ஸ்லாட்டுக்குள் இருந்தே அனுப்புபவரை அழிக்க நேர்ந்தால் நேரடியாக டெலீட் செய்யாமல் 'டெலீட்லேட்டர்' பயன்படுத்துங்கள். சுழலுக்குத் திரும்பிய பிறகு அது பத்திரமாக அழிக்கப்படும்.

இத்தகைய முறிவுகளைக் கண்ணால் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஜிசிசி, கிளாங் கம்பைலர்கள் இரண்டிலும் அட்ரஸ்சானிட்டைசர் உண்டு. அதைச் சேர்த்துத் தொகுத்து ஒரு முறை ஓட்டினால், அழிந்த நினைவகத்தை எந்த வரி தொட்டது, அதை எந்த வரி அழித்தது, எந்த வரி உருவாக்கியது என்ற மூன்றையும் அது அச்சிட்டுக் காட்டும். மேலும், 'கியூட்டி_ஃபேட்டல்_வார்னிங்ஸ்' என்ற சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துப் பிழைநீக்கியில் ஓட்டுங்கள். கியூட் எச்சரிக்கை விடும் முதல் இடத்திலேயே செயலி நின்றுவிடும், எந்த அழைப்பு வரிசை அங்கே கொண்டுவந்தது என்று தெரிந்துவிடும். வேறு இழையிலிருந்து டைமரைத் தொடங்க முடியாது, வேறு இழையில் உள்ள பேரன்டுக்குக் குழந்தை உருவாக்க முடியாது, இப்படியொரு சிக்னலே இல்லை என்று கியூட் சொல்லும் வரிகளைச் சத்தம் என்று எண்ணி ஒதுக்குபவர்களை நிறையப் பார்க்கிறேன். அவைதான் மூலக் காரணம். முறிவு அதன் பின்விளைவு. சிக்னலின் பெயரைச் சரமாக எழுதும் பழைய வகை இணைப்புகளை விட்டுவிட்டுச் செயற்கூறின் முகவரியைக் கொடுக்கும் புதிய வடிவத்துக்கு மாறினால், மேலே சொன்ன கடைசி எச்சரிக்கை தொகுக்கும்போதே பிழையாகத் தெரிந்துவிடும்.

விடேபிள் கிடைக்கவில்லை என்று லிங்கர் சொல்லும் பிழையையும் போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். கிளாஸில் கியூ_ஆப்ஜெக்ட் மேக்ரோ சேர்த்த பிறகு சிக்னல், ஸ்லாட்டுகளுக்கான நிரலை உருவாக்கும் மாக் என்னும் கருவி அந்தக் கோப்பைப் படிக்கவில்லை என்பதே அதன் பொருள். கிளாஸைத் தலைப்புக் கோப்பில் வைத்து, சிமேக் என்னும் தொகுப்புக் கருவியில் ஆட்டோமாக் இயங்கியிருக்கிறதா என்று பார்த்து, சிமேக்கை மறுபடி ஓட்டுங்கள்.

இப்போது தமிழ். சிங்கப்பூர் அரசியலமைப்பின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் அதிகாரத்துவ மொழிகளாக வைத்திருக்கிறது. ஆகவே இங்கே எழுதப்படும் பொதுப் பயன்பாட்டுத் திரைகளில் தமிழ் இருக்கிறது. ஆனால் சோதிப்பவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாமல் போவதால், உடைந்த தமிழ் அப்படியே மக்கள் முன் வந்து நிற்கிறது. இதைத் தடுக்கக்கூடியவர் தமிழ் அறிந்த நிரலாளர்தான். உங்களைப் போன்றவர்கள் இந்தப் பகுதியில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெயர்கள் ஏன் வெட்டுப்படுகின்றன? பெயரை முதல் 12 எழுத்துக்குக் குறுக்க, கியூஸ்ட்ரிங்கின் 'லெஃப்ட்' செயற்கூறைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். கியூட்டின் உரைச் சரமான கியூஸ்ட்ரிங் எண்ணுவது யூனிகோடின் யூடிஎஃப்-16 குறியாக்க அலகுகளை. நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல. 'தமிழ்' என்ற சொல் நம் கணக்கில் மூன்று எழுத்து. கியூஸ்ட்ரிங்குக்கு அது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-இல் கோப்பில் எழுதினால், ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாகப் பதினைந்து. நான்காவது இடத்தில் வெட்டினால் 'தமிழ' என்று புள்ளியிழந்து நிற்கும்; இரண்டில் வெட்டினால் 'தம'. 'வெண்டைக்காய்' என்ற சொல்லில் க்கா-வில் இருக்கும் துணைக்காலை இழந்தால் என்ன ஆகும் என்று எழுதிப் பாருங்கள். எழுத்தெல்லை அறிந்து வெட்ட வேண்டுமானால் கியூடெக்ஸ்ட்பவுண்டரிஃபைண்டரை கிராஃபீம் வகையில் பயன்படுத்தி, அது சொல்லும் எல்லையில் மட்டும் வெட்டுங்கள். அப்போதும் 'க்ஷ', 'ஸ்ரீ' போன்றவற்றை அது இரண்டாகப் பிரித்தே எண்ணும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். உங்கள் நோக்கம் பெட்டிக்குள் அடங்கச் செய்வது மட்டும்தான் என்றால் எழுத்தையே எண்ண வேண்டாம். எழுத்துரு அளவையின் 'எலைடட்டெக்ஸ்ட்' செயற்கூறுக்குப் பிக்சல் அகலத்தைக் கொடுத்தால் அதுவே மூன்று புள்ளி வைத்துத் தரும். அதைவிடச் சிறந்தது, பெட்டிக்கு நிலையான அகலம் வைக்காமல் லேஅவுட்டிடம் விட்டுவிடுவது. ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் நீளமாகவே வரும். மேலும் கீழுமாக விரியும் குறிகளால் வரியின் உயரமும் கூடுதலாக வேண்டும்.

தேடலிலும் ஒரு பொறி உண்டு. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்க் குறிகளை யூனிகோடு இரண்டு வழிகளில் எழுத அனுமதிக்கிறது: 'கொ' என்பதை ஒற்றைக் குறியீட்டுடனும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிட்டால் வெவ்வேறு சரங்கள். கடைக்காரர் ஒரு விசைப்பலகையில் 'கொத்தவரங்காய்' என்று பதிந்து, வாடிக்கையாளர் வேறொன்றில் தேடினால் கிடைக்காது. தரவுத்தளத்தில் எழுதுமுன்னும் தேடுமுன்னும் 'நார்மலைஸ்ட்' செயற்கூறை யூனிகோடின் 'என்எஃப்சி' என்னும் சி வடிவத்தில் அழைத்து ஒரே உருவுக்குக் கொண்டுவாருங்கள்.

பழைய கோப்புகள் கைக்கு வந்தால் இன்னொரு குறியாக்கச் சிக்கல் எழும். தமிழைக் கணினியில் ஏற்ற சிங்கப்பூரில் நடந்த உழைப்பு முந்தியது, நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய முதல் தமிழ் இணைய மாநாடு 1997-இல் இங்கேதான் கூடியது. அக்காலத்தில் ஆளுக்கொரு குறியாக்கம் இருந்தது. அவற்றுள் டிஸ்கி என்பதற்கான மாற்றியைக் கியூட் நெடுங்காலம் தன்னுள் வைத்திருந்தது. கியூட் 6-இல் அது மையத்திலிருந்து நீங்கிவிட்டது. பழைய பதிப்போடு இணக்கம் காக்கும் கோர்5காம்பாட் தொகுதியைச் சேர்த்தால் கிடைக்கும். புதிதாக எழுதும் எதற்கும் யூடிஎஃப்-8 தவிர வேறு எதையும் தொட வேண்டாம். 'டுலத்தீன்1' என்ற செயற்கூறு தமிழ் வரும் எந்த வரியிலும் இருக்கக் கூடாது. அது தமிழை மீட்க முடியாதபடி கேள்விக்குறிகளாக்கிவிடும்.

மொழிபெயர்ப்புச் சரங்களைத் துண்டு துண்டாக ஒட்டியிருக்கிறீர்கள்: ஒரு சொல், அதன் பின் காயின் பெயர், அதன் பின் இன்னொரு சொல். ஆங்கிலத்தின் சொல்வரிசைக்குப் பொருந்தும் அந்த ஒட்டு, வினை கடைசியில் வரும் தமிழுக்குப் பொருந்தாது. முழு வாக்கியத்தையும் ஒரே 'டிஆர்' அழைப்புக்குள் வைத்து, காயின் பெயருக்கும் எடைக்கும் விழுக்காட்டுக் குறியோடு 1, 2 என்று இடம் விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் அவற்றைத் தமிழுக்கு ஏற்ற வரிசையில் மாற்றிவைப்பார். வேற்றுமை உருபு பெயரோடு புணரும்போது உருவே மாறுவதால், இடக்குறியை ஒட்டி '-ஐ', '-க்கு' என்று போடாமல், 'பொருள்: கத்தரிக்காய்' என்பதுபோலப் பெயர் எழுவாயாகவே நிற்கும் வாக்கியமாக அமைப்பது நலம். மொழியை ஓடும்போதே மாற்ற வேண்டுமானால், புதிய டிரான்ஸ்லேட்டரை நிறுவிய பின் வரும் மொழிமாற்ற நிகழ்வில் எல்லாச் சரங்களையும் மறுபடி இடவேண்டும், தானாக மாறாது.

விலையைக் காட்டும்போது, மொழி, நாட்டு வழக்கங்களைத் தரும் கியூலொகேலுக்குத் தமிழ் என்று மட்டும் சொன்னால், அது தமிழ்நாட்டை எண்ணி இந்திய ரூபாய்க் குறியைப் போடும். தமிழ், சிங்கப்பூர் என்று இரண்டையும் கொடுங்கள். தராசிலிருந்து வரும் எண்ணைப் படிப்பதற்கோ எந்த லொகேலும் வேண்டாம். பைட்டேரேயின் 'டுடபுள்' எப்போதும் புள்ளியையே தசமக் குறியாகக் கொள்ளும்.

அச்சைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதில்தான் வந்து நிற்பீர்கள். வெப்ப அச்சுப்பொறிகளின் உள்ளே இருக்கும் எழுத்துருக்களில் தமிழ் இருப்பது அரிது. பைட்டுகளாகத் தமிழை அனுப்பினால் குப்பையாக அச்சாகும். விலைச்சீட்டைக் கருப்பு வெள்ளைக் கியூஇமேஜாக வரைந்து, அந்தப் படத்தைப் புள்ளிகளாக அனுப்புங்கள்.

கடைசியாக, கடைச் சாதனம். செயலி திறக்காமல், இயங்குதளத்தோடு கியூட்டை இணைக்கும் 'பிளாட்ஃபார்ம் பிளகின்' கிடைக்கவில்லை என்று நின்றால், 'கியூட்டி_டீபக்_பிளகின்ஸ்' என்ற மாறிக்கு 1 கொடுத்து டெர்மினலிலிருந்து ஓட்டுங்கள். எந்தக் கோப்பை எங்கே தேடியது, ஏன் ஏற்ற முடியவில்லை என்று வரிவரியாகச் சொல்லும். லினக்ஸின் எக்ஸ்11 என்னும் சாளர அமைப்பில் கியூட் பயன்படுத்தும் எக்ஸ்சிபி பிளகின் கியூட் 6.5 முதல் எக்ஸ்சிபி-கர்சர் நூலகத்தையும் எதிர்பார்க்கிறது. நீங்கள் எழுதிய பிழைச்செய்தியைப் பார்த்தால் அதுதான் விடுபட்டிருக்கிறது என்று படுகிறது. விண்டோஸில் இதற்கு இணையான சிக்கலை விண்டெப்ளாய்கியூட்டி கருவி தீர்க்கும். செயலி திறந்த பின் தமிழ் இருக்கும் இடமெல்லாம் பெட்டிகளாகத் தெரிந்தால் வியக்க வேண்டாம். விண்டோஸில் நிர்மலா என்னும் எழுத்துரு இருந்து காப்பாற்றியது. சிறிய லினக்ஸ் நிறுவலில் தமிழ் எழுத்துரு எதுவும் இருக்காது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவைச் செயலியின் ரிசோர்ஸ் கோப்பில் வைத்து, தொடங்கும்போதே ஏற்றிவிடுங்கள். படங்களின் கோப்புப் பெயர்களில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பாருங்கள். விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் பொறுக்காது.

போர்ட்டின் பெயரும் மாறும். விண்டோஸில் காம்3 என்றிருந்தது இங்கே டிடிஒய்யூஎஸ்பி0 ஆகும். பெயரை நிரலில் எழுதிவைக்காமல், கியூசீரியல்போர்ட்இன்ஃபோ தரும் பட்டியலில் தயாரிப்பாளர் எண்ணைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அனுமதி மறுக்கப்பட்டது என்று வந்தால், டெபியன், உபுண்டு வகைகளில் செயலியை ஓட்டும் பயனர் டயல்அவுட் குழுவில் இல்லை என்று பொருள். ரூட்டாக ஓட்டி அதைத் தீர்க்க முயலாதீர்கள்.

சாதனத்தையும் சேர்த்து விற்கப்போகிறீர்கள் என்றால், கியூட்டின் உரிமத்தையும் இப்போதே படியுங்கள். இலவசமாகப் பயன்படுத்தும் எல்ஜிபிஎல் மூன்றாம் பதிப்பின்படி, பயனர் கியூட் நூலகத்தை மாற்றி நிறுவ வழியிருக்க வேண்டும். பூட்டப்பட்ட சாதனத்தில் அந்த நிபந்தனையை நிறைவேற்றுவது கடினம். சில தொகுதிகள் எல்ஜிபிஎல்லில் கிடைப்பதும் இல்லை.

இவற்றைத் திருத்தும் வரிசை முக்கியம் என்பதால் அதையும் சொல்கிறேன். தராசைப் படிக்கும் பகுதியை முதலில் திரையிலிருந்து பிரித்து, தனிக் கிளாஸாக எழுதுங்கள். அது கியூஐஓடிவைஸ் ஒன்றைப் பெற்றுக்கொண்டு, எடை நிலைபெறும்போது ஒரு சிக்னல் அனுப்பட்டும், வேறெதுவும் செய்யவேண்டாம். அப்போது உண்மைத் தராசு இல்லாமலேயே அதைச் சோதிக்கலாம். லினக்ஸில் சோகேட் என்ற கருவி ஒன்றோடொன்று இணைந்த இரண்டு பொய்ப் போர்ட்டுகளை உருவாக்கித் தரும். ஒன்றில் உங்கள் செயலியை விட்டு, மற்றதிலிருந்து அரை வரி, ஒட்டிய இரு வரி, நிலைபெறாத எடை, குப்பை பைட் என்று மாற்றி மாற்றி அனுப்புங்கள். கியூட் டெஸ்ட்டில் உள்ள கியூசிக்னல்ஸ்பை, சிக்னல் எத்தனை முறை, என்ன மதிப்போடு வந்தது என்று எண்ணிச் சொல்லும். அரை வரிக்கு ஒரு சிக்னலும் வராமல், மீதி வந்ததும் 1.250 என்று ஒரே ஒரு சிக்னல் வந்தால் அந்தப் பகுதி முடிந்தது. திரையையும் அச்சையும் அதன் பிறகு இணைக்கலாம்.